தன்மை ஒருமை

பீல் நகரத்தில் ஒவ்வொரு தெருவுக்கும் இரண்டு பெயர்.
மேலே ஜெர்மன், கீழே பிரெஞ்சு,
ஒரே தகட்டில், சண்டை இல்லாமல்.

நீதிமன்றத்தில் எனக்கு மணிக்கு எண்பது பிராங்க்.
கூட்டாதே, குறைக்காதே, விளக்கம் சொல்லாதே:
கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள்.
அவன் நான் என்றால் நானும் நான் என்றே சொல்லவேண்டும்.
இந்தப் பதினொரு வருடத்தில் நான்
பெண்சாதியை அடித்திருக்கிறேன்,
வேலையில்லாக் காசும் சம்பளமும் ஒன்றாக வாங்கியிருக்கிறேன்,
பேர்ன் ரயிலில் டிக்கெட் இல்லாமல் பிடிபட்டு
பரிசோதகரைக் கடித்தும் இருக்கிறேன்.
வீட்டுக்கு வந்து முகம் கழுவினால் எல்லாம் போய்விடும்.

இன்றைய எதிரி குலவீரசிங்கம்.
இரண்டு லொறி வைத்து வீடு மாற்றிக் கொடுப்பவர்.
நிடாவ் பக்கம் ஒரு மண்டபத்தில்,
தாலி ஏறிய பிறகு, சாப்பாடு வருமுன்,
வாழ்த்துச் சொல்லவென்று மைக்கை வாங்கி
மாப்பிள்ளையின் தகப்பனைப் பார்த்து
ஒரு சொல் சொன்னார்.
மூன்றே எழுத்து.
மைக் அன்றைக்கென்று நன்றாக வேலை செய்தது.
யாரோ சிரித்தார்கள்.
மற்றவர்கள் இன்னும் வராத சாப்பாட்டை
வெறும் இலையில் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அழைப்பிதழ் கொடுத்து வந்தவர்கள்," என்றார் வக்கீல் ரூஃபெனாக்ட்.
"ஆகவே இது வீட்டுக் குசினி, கொஞ்சம் பெரியது.
குசினிக்குள் சட்டம் நுழைவதில்லை."
இருநூற்றுப் பதினான்கு கதிரை போட்ட குசினி.

"சரி, சொன்னது என்ன?" என்று கேட்டார் நீதிபதி.

இடக்கரடக்கல் என்று பள்ளியில் படித்தோமே,
சபையில் சொல்லக்கூடாததை மூடிச் சொல்வது,
இங்கே அது தொழில் குற்றம்.
ஜெர்மனில் தேடினேன். பிரெஞ்சில் தேடினேன்.
தெருவுக்கெல்லாம் இரண்டு பேர் வைத்த ஊரில்
இதற்கு ஒரு பேரும் இல்லை.
அப்படியே தமிழில் சொன்னேன்.
எழுத்தர் எழுத்துக்கூட்டச் சொன்னாள்;
ஏதோ மலைக்கிராமத்தின் பெயரைப்போல
முதலெழுத்தைப் பெரிதாக்கிக் கவனமாக எழுதிக்கொண்டாள்.

பின்வரிசையில் மாப்பிள்ளையின் தகப்பன் மாசிலாமணி.
இருபத்தாறு வருடம் கடிகாரத்துக்கு முள் பொருத்திய விரல்கள்
தொடையில், அசையாமல்.

"இனம், இனக்குழு, மதம், பாலியல் நாட்டம்."
பட்டியலை வாசித்து நிமிர்ந்தார் நீதிபதி.
"இதில் எது?"

சட்டமும் சொல்லும் ஒரே வசனத்தில் வந்தால்
எனக்கு வயிற்றைப் பிசையும்.
சமூக நல்லிணக்கத்தின் பொருட்டு என்று தொடங்கும் தாளோடுதான்
அண்ணனைக் கூட்டிப்போனார்கள்.
சோதனைச் சாவடி பற்றி ஆறு வரி எழுதியிருந்தான்.
திரும்பி வந்தவன்
அதன்பிறகு கடைச் சிட்டைகூட எழுதவில்லை.

அண்ணன் மேலே பார்த்து எழுதினான்.
இவர் கீழே பார்த்துச் சொன்னார்.
கோடு அங்கேதான் என்று சொல்லிவிடலாம்போல் இருந்தது,
எங்கள் வளவுக்குத் தென்னை ஏற வந்தவரை
இதே மூன்று எழுத்தால்
அண்ணன் கூப்பிட்டிராவிட்டால்.
கோபம் இல்லை. மைக் இல்லை. பகல் பத்து மணி.
அவர் "ஓம் தம்பி" என்று வந்தார்,
அதுதான் தன் பெயர் என்பதுபோல.
அவருக்குச் சிரட்டையில் தண்ணீர் வார்த்தது நான்.

"மொழிபெயர்ப்பாளர் விளக்க முடியுமா?"

ஒன்பது வயதில், பதினான்கு வயதில்,
ஒருமுறை இங்கே வந்தும்கூட, தொலைபேசியில், சிரித்துக்கொண்டு.
இதை எந்த இடத்தில் வைப்பது,
குசினிக்கு உள்ளேயா வெளியேயா?
அனுமதி கேட்டேன். தலையசைத்தார்.

"இந்தச் சொல்லை நான் சொல்லியிருக்கிறேன்," என்றேன்,
"கையில் கை படாமல் தண்ணீர் வார்த்தபடி."

எழுத்தர் விசைப்பலகையிலிருந்து விரலை எடுத்துவிட்டாள்.
மன்னிக்கவேண்டும், என்றாள்,
இந்த நான் எதிரியா,
மொழிபெயர்ப்பாளரா?

குலவீரசிங்கம் முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தார்.
பின்வரிசையில் ஒரு கதிரை அசைந்த சத்தம்.
நான் திரும்பவில்லை.